லியா நல்ல பிள்ளையான கதை

டாக்டர் இன்னும் வரவில்லை என்பது ஒரு விதத்தில் ஜோவிட்டாவுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, வந்துவிட்டால் கேட்க வேண்டும், கேட்க வேண்டியதை அவள் இன்னும் அடுக்கி முடிக்கவில்லை, தூத்துக்குடியில் பஸ் ஏறியதிலிருந்து வல்லநாட்டு மலை தெரிகிறவரை ஒரு மாதிரி அடுக்கினாள், மலை தாண்டியதும் அதைக் கலைத்துவிட்டு வேறு மாதிரி அடுக்கினாள், பாளையங்கோட்டையில் இறங்கி இந்த ஆஸ்பத்திரியின் மாடிப்படி ஏறும்போது இரண்டுமே கேட்கிற மாதிரி இல்லை, ஒப்பிக்கிற மாதிரி இருக்கிறது என்று பட்டுவிட்டது. இத்தனைக்கும் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். என் பிள்ளை இப்படி ஆனது நீங்கள் கொடுத்த மருந்தாலா, இல்லை என் பிள்ளை இனி இப்படித்தானா. அவ்வளவுதான். அதை ஆங்கிலத்தில் கேட்டால் டாக்டர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்கள், அவளுக்குத் தெரியும், ஆனால் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தால் அது சுருங்கிப்போய் ‘ஷி இஸ் எ லிட்டில் டல், டாக்டர்’ என்று ஆகிவிடுகிறது, டல் என்றால் என்ன, மப்பும் மந்தாரமுமாக இருக்கிற நாளும் டல்தான், வோல்டேஜ் குறைந்த பல்பும் டல்தான், அதற்காக யாராவது பெரிய டாக்டரைப் பார்க்க பஸ் ஏறி வருவார்களா. தமிழில் கேட்டாலோ முதல் வார்த்தையிலேயே அழுதுவிடுவாள். அழுகிற அம்மாக்களுக்கு டாக்டர்கள் பதில் சொல்வதில்லை, ஆறுதல் சொல்வார்கள், அது அவளுக்கு வேண்டாம், ஆறுதல் வீட்டிலேயே வண்டி வண்டியாகக் கிடக்கிறது.

பக்கத்தில் லியா உட்கார்ந்திருந்தாள். நாலு வயதுப் பிள்ளை, ஸ்டீல் பெஞ்சில், கால் தரையில் எட்டாமல், அந்தக் கால் ஆடாமல். அந்தக் கால்தான் ஜோவிட்டாவின் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. எட்டாத கால் என்றால் ஆட வேண்டாமா, எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பிள்ளைகளுக்கும் ஆடுகிறது, ஒருத்தன் மீன்தொட்டிக் கண்ணாடியில் மூக்கை அழுத்தி மீனுக்குப் பழிப்புக் காட்டுகிறான், ஒருத்தி அம்மாவின் துப்பட்டாவை உருவித் தரையில் இழுத்துக்கொண்டு போகிறாள், லியாவின் செருப்பு மட்டும் கடையில் தொங்கவிட்ட செருப்பு மாதிரி தொங்குகிறது. டோக்கன் கொடுக்கிற பெண் இந்தப் பக்கம் வந்தவள் லியாவின் கன்னத்தைத் தட்டி, “இந்தப் பாப்பாவப் பாருங்க, எவ்ளோ சமத்தா உக்காந்திருக்கா, நீங்களும்தான் இருக்கீங்களே” என்று மற்றப் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள், ஜோவிட்டா அவளைப் பார்த்துச் சிரித்தாள், சிரித்ததற்காக உடனே தன்மேலேயே ஆத்திரமாக வந்தது, எதற்குச் சிரித்தேன், தேங்க்யூ கூடச் சொல்லியிருப்பேன் போல, திருட்டுக் கொடுத்தவன் திருடனைப் பாராட்டுகிறவர்களோடு சேர்ந்து கை தட்டுகிற மாதிரி. எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில், அவள் படித்த அதே கான்வென்ட்டில், எல்.கே.ஜி. சிஸ்டர் வாரம் தவறாமல் லியாவின் நெற்றியில் ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டி அனுப்புகிறார், முன்பெல்லாம் டைரியில் சிவப்பு மையில் வரும், உங்கள் பிள்ளை பிரேயர் நேரத்தில் பேசுகிறாள், உங்கள் பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் ஸ்நாக்ஸை விலை பேசுகிறாள் என்று. மாமியார் போனவாரம் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள், “இப்பதான் வீட்டுல ஒரு பொம்பளப்பிள்ளை இருக்குத மாதிரி இருக்கு, முன்ன என்ன, சந்தைக்கடைதான்.” ஜோவிட்டா உரித்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள், கழுவினாள், வெகுநேரம் கழுவினாள்.

அந்தச் சந்தைக்கடைதான் அவளுக்கு வேண்டியிருந்தது. பூசையில் சாமியார் பிரசங்கத்தை இழுத்துக்கொண்டே போனபோது “ஃபாதர், போதும், இட்லி ஆறிரும்” என்று நடுக்கோயிலில் கத்திய பிள்ளை, அன்றைக்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று ஜோவிட்டா நின்ற நிலை, இன்றைக்கு நினைத்தால் அந்தக் குரலை ஒரு தரம் கேட்பதற்கு எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் வெட்கப்பட்டு நிற்கலாம் போலிருந்தது. அம்மாவை அம்மா என்று கூப்பிட்டதே கிடையாது, மாமியார் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு “ஏ ஜோவிட்டா, தண்ணி கொண்டா” என்றுதான், அடித்துப் பார்த்தாள், மிட்டாய் கொடுத்துப் பார்த்தாள், அம்மா சொல்லு, அம்மா சொல்லு, இப்போது அம்மா என்கிறாள், ஒவ்வொரு தரமும் அம்மா என்கிறாள், அம்மா தூக்கம் வருது, அம்மா போதும், கேட்டது கிடைத்துவிட்டது. கேட்டதெல்லாம்தான் கிடைத்துவிட்டதே. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் பனிமய மாதாவிடம் போய் நின்று என்ன கேட்டாள், ஃபிட்ஸ் நிற்கட்டும் என்று கேட்டாள், நின்றுவிட்டது, மற்றதெல்லாம் இருந்தபடி இருக்கட்டும் என்று அவள் சேர்த்துச் சொல்லவில்லை, அதையெல்லாம் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும், மாதாவும் ஒரு பிள்ளையைப் பெற்றவள்தானே, சொல்லாமலே தெரிய வேண்டாமா. இப்படி நினைக்கக் கூடாது. நினைத்தால் நின்றது திரும்ப வந்துவிடும். இந்த இடத்துக்கு வந்ததும் அவள் நினைப்பு எப்போதும் போல் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது, ஆனால் இழுத்துக்கொண்ட கால் நேரே போய் அந்த ஞாயிற்றுக்கிழமையின்மேல்தான் விழுந்தது, சீலா மீன் பொரித்துக்கொண்டிருக்கிறாள், முன்னறையில் லியாவின் சத்தம், சத்தம் நின்றுபோனது, நின்றதை அவள் கவனிக்கவில்லை, எண்ணெய்ச் சத்தத்தில், அப்புறம் ஒரு கரண்டி தரையில் உருண்டு உருண்டு போய்ச் சுவரில் முட்டுகிற ஓசை, போய்ப் பார்த்தால் கண் வெள்ளையாக மேலே போயிருக்கிறது, வாய் ஒரு பக்கமாக. எதிர்வீட்டு ரீட்டாக்கா ஓடி வந்து சாவிக்கொத்தைப் பிள்ளையின் கையில் திணித்தாள், இரும்பு, இரும்பு வையிங்க கையில, அந்தக் குட்டி விரல்கள் சாவியைப் பிடித்த பிடி, பிறகு ஆஸ்பத்திரியில்கூட உள்ளங்கையில் சாவியின் பல் பல்லாகத் தடம் இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு தடவை. பிறகு இந்த சிரப். ஆரஞ்சு வாசனையடிக்கிற வெள்ளை பாட்டில். பிறகு ஒன்றுமில்லை. கணவன் கில்பர்ட் கப்பலில் இருந்து சிக்னல் கிடைக்கிறபோதெல்லாம் கூப்பிட்டு முதலில் கேட்பது அதுதான், “ஃபிட்ஸ் வந்துச்சா?” “இல்ல.” “அப்புறம் என்ன?”

அப்புறம் என்ன. அதில்தான் அவள் ஒவ்வொரு முறையும் போய் முட்டிக்கொள்கிறாள். அவன் கெட்டவனில்லை, நடுக்கடலில் இருக்கிறவனுக்கு வந்துச்சா வரலையா என்பது மட்டும்தான் கேட்க முடிகிற கேள்வி, போனில் லியாவைக் காட்டினால் அவள் கையாட்டுகிறாள், அப்பா நல்லாருக்கேன் என்கிறாள், அவனுக்குக் கண் கலங்குகிறது, எவ்வளவு பொறுப்பாயிட்டா பாரு என்கிறான். முதலில் அவளுக்குமே ஒன்றும் தெரியவில்லை. முதல் வாரம் பிள்ளை மதியம் தூங்கினாள், ஜோவிட்டாவும் பக்கத்தில் படுத்துத் தூங்கினாள், கல்யாணத்துக்குப் பிறகு அப்படி ஒரு தூக்கம் தூங்கியதில்லை. பிறகு எப்போதோ, எந்த நாள் என்று சொல்லத் தெரியவில்லை, அதைத்தான் டாக்டர் முதலில் கேட்பார், எப்பத்திலிருந்து என்று, எப்போதிலிருந்து என்று எப்படிச் சொல்வது, வெளிச்சம் மங்குகிறபோது எந்த நிமிஷத்தில் மங்கியது என்று யார் பார்த்தார்கள், விளக்குப் போட எழுந்திருக்கும்போதுதானே தெரிகிறது. பிள்ளை சாப்பிடுகிறாள், கேட்டால் பதில் சொல்கிறாள், படத்துக்குக் கலர் அடிக்கிறாள், கோட்டைத் தாண்டாமல் அடிக்கிறாள். தானாக ஒன்றும் கேட்பதில்லை. ஏன் என்று கேட்பதில்லை. முன்பு மீன்காரம்மாவை வாசலில் நிறுத்தி “உன் மீனு ஏன் செத்தும் கண்ண மூடல?” என்று கேட்டவள், அந்த அம்மாள் திகைத்துப்போய், இத்தனை வருஷம் இதை நான் யோசிக்கலையே தாயி என்றாளே, அந்தப் பிள்ளை இப்போது கூடையைப் பார்க்கிறாள், பார்த்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். மருந்துப் பெட்டியில் மடித்து வைத்திருந்த காகிதத்தை ஜோவிட்டா பிரித்துப் படித்தாள், எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து, ஆங்கிலத்தில் முதல் மார்க் வாங்கியவளுக்கே பாதி புரியவில்லை, தூக்கம் என்று போட்டிருந்தது, எரிச்சல் என்று போட்டிருந்தது, நடத்தையில் மாறுதல் என்று போட்டிருந்தது, யாருக்கு, எந்த மாறுதல், போனது திரும்பி வருமா என்று போடவில்லை. மருந்துக்கடைத் தம்பியிடம் கேட்டதற்கு டாக்டர்ட்ட கேளுங்கக்கா என்றான். ஒரு நாள் சாயங்காலம் அளந்த மருந்தை வாஷ்பேசின் மேலே நீட்டிப் பிடித்தபடி நின்றாள், கொட்டிவிட்டால் என்ன, ஒரே ஒரு நாள், திரும்பிப் பார்த்தால் பின்னால் லியா வாயைத் திறந்துகொண்டு நின்றாள், கூட்டில் இருக்கிற குஞ்சு மாதிரி, முன்பு இந்த மருந்துக்குக் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்து காலைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்த பிள்ளை. அந்தத் திறந்த வாயில் ஊற்றிவிட்டாள். ஊற்றாமல் என்ன செய்வாள்.

“பாப்பாக்கும் இதானா?” என்று யாரோ கேட்டார்கள். மடியில் வைத்திருந்த பாட்டிலைத்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், காக்கிச் சட்டையின் மேல்பித்தான் திறந்திருந்தது, ஆட்டோ ஓட்டுகிறவர் போல, மீன்தொட்டியில் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தவன் அவருடைய பையன்தான். ஆமாண்ணே என்றாள். “நம்ம தருணுக்கும் இதேதான். பாப்பா எப்படி, கடிக்காளா?” அவளுக்குப் புரியவில்லை. “கடிக்கறதா?” “இவன் கடிக்கான் தங்கச்சி. மருந்து ஆரம்பிச்சதுலேருந்து எதெடுத்தாலும் கடிதான். எங்கம்மையக் கடிச்சிட்டான். என் பொண்டாட்டி ஒண்ணும் சொல்லல, அன்னிக்கு ராத்திரி அவனுக்கு ஒரு முட்டை கூடுதலா வச்சா.” ஜோவிட்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதே பாட்டில், அதே ஆரஞ்சு வாசனை, ஒரு பிள்ளைக்குப் பல் கொடுத்திருக்கிறது, ஒரு பிள்ளையிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது, அவளுக்கு ஒரு கணம் அந்தக் கடிக்கிற பையன்மேல் பொறாமையாக இருந்தது, வெட்கங்கெட்ட பொறாமை, கடித்தால் கடிக்கட்டுமே, கடிக்க ஆள் இருக்கிறதே வீட்டில். “மருந்தாலதானான்னு டாக்டர்ட்ட கேட்டீங்களாண்ணே?” “கேக்காம? இருக்கலாம்னாவ. இருக்கலாம்னா என்ன சார்னேன். இல்லாமலும் இருக்கலாம்னாவ. நான் என்ன சொல்ல முடியும், நம்ம வண்டியில சத்தம் வருதுன்னு மெக்கானிக்குட்ட போனாலும் அவன் இததான் சொல்லுதான்.” பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார், பையன் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். “ஒரு தடவ நாங்களே நிறுத்திட்டோம், யார்ட்டயும் சொல்லாம. நல்லாத்தான் இருந்தான். பழைய மாதிரி சிரிச்சான், கேட்டீங்களா. ரெண்டு மூணு நாளுதான். முருகன்குறிச்சி சிக்னல்ல, வண்டிக்குள்ள வச்சி, வந்துட்டு. பின்னால ஆரன் அடிக்கான், அடிக்கான். அதுலேருந்து கடிச்சா கடிச்சிட்டுப் போ ராசான்னு விட்டுட்டோம்.” அவர் சிரித்தார். அவர் முழங்கைக்குக் கீழே வரிசையாகப் பொட்டுப் பொட்டாகப் பல் பதிந்த கறுப்பு இருந்ததை ஜோவிட்டா அப்போதுதான் பார்த்தாள்.

பழைய மாதிரி சிரிச்சான். இதை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். அப்படியென்றால் அந்தச் சிரிப்பு எங்கேயும் போய்விடவில்லை, உள்ளேதான் இருக்கிறது, மருந்தை எடுத்தால் வெளியே வருகிறது, கூடவே ஃபிட்ஸும் வருகிறது, இரண்டும் ஒரே கதவுக்குப் பின்னால் நிற்கிறதா, ஒன்றை விட்டால் மற்றதும் வருமா. லியாவின் தலையில் முகத்தை வைத்து முகர்ந்தாள், தேங்காயெண்ணெய், பஸ் புழுதி, அதே பிள்ளை வாசனைதான், இந்த வாசனைக்குள்தான் எங்கேயோ இருக்கிறாள், பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒருத்தியை மனசு இப்படித் தேடுமா, கில்பர்ட் முதல் தடவை கப்பல் ஏறியபோதுகூட இப்படித் தேடவில்லை, அவனுக்கு ஒரு திரும்பி வருகிற தேதி இருந்தது. போன தடவையே கேட்டிருக்க வேண்டும். அதற்கு முந்தின தடவையே. டாக்டர் கேட்கத்தான் செய்தார், ஒவ்வொரு முறையும் பேனாவைத் திறந்துகொண்டு, ஏதாவது பிராப்ளம் உண்டா என்று, அவள் தொண்டைவரை வந்ததைச் சொல்ல வாயைத் திறந்தாள், வாய் தானாக “நோ, டாக்டர்” என்றது. யாரோ பின்னாலிருந்து சொன்ன மாதிரி இருந்தது. கான்வென்ட்டில் எல்.கே.ஜி.யிலிருந்து ப்ளஸ் டூ வரைக்கும் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் சிஸ்டர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார், எனி டவுட்ஸ், கேர்ள்ஸ், வகுப்பு மொத்தமும் எழுந்து நின்று ஒரே ராகத்தில் நோ சிஸ்டர் என்னும், டவுட் இருந்தவளும் என்பாள், ஒன்றும் புரியாதவள் எல்லாரையும்விடச் சத்தமாக என்பாள், ஏழாம் வகுப்பில் ஒரே ஒரு தடவை லிட்வின் என்ற பெண் யெஸ் சிஸ்டர் என்றாள், அவளைக் கடைசிவரை நிறுத்தி வைத்து, நடத்தும்போது எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய் என்று கேட்டார்கள். அந்த நோ அப்படியே நாக்கில் தங்கிவிட்டது, கல்யாணத்துக்கு முன் கில்பர்ட் வீட்டார் வந்து உனக்கு ஏதும் கேக்கணுமாம்மா என்றபோதும் அதுதான் வந்தது. அதைத்தான் டாக்டர் எழுதி வைத்திருப்பார். அவருடைய ஃபைலில் ஒரு லியா இருக்கிறாள், ஒரு குறையும் இல்லாதவள், மருந்து நன்றாக ஒத்துக்கொண்டவள். அந்த லியாவுக்குத்தான் அவர் மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார், அவளை உண்டாக்கியது அம்மாவின் வாய்.

“லியா. லியா கில்பர்ட்” என்று டோக்கன் பெண் கூப்பிட்டாள். டாக்டர் எப்போது வந்தார், எப்போது உள்ளே போனார், அவள் பார்க்கவே இல்லை. லியா பெஞ்சிலிருந்து தானாக இறங்கிக் கையை நீட்டினாள். ஆட்டோக்காரர் போயிட்டு வாங்க என்பதுபோல் தலையை ஆட்டினார்.

அறை சிறியது, ஏசி குளிர் முகத்தில் வந்து விழுந்தது, டாக்டர் தலை நிமிராமலே வாங்கம்மா என்றார், நிமிர்ந்து, லியாக்குட்டி எப்படி இருக்கீங்க என்றார். “நல்லாருக்கேன்.” “குட். ஃபிட்ஸ் மாதிரி ஏதும்?” “இல்ல டாக்டர்.” “நல்லா தூங்குறாளா, சாப்புடுறாளா?” தூங்குகிறாள், சாப்பிடுகிறாள். பேனா ஓடியது. “வேற ஏதாவது பிராப்ளம்?” இதோ வந்துவிட்டது, நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது, நோ என்பதற்கு அங்கேதான் ஒட்ட வேண்டும், ஒட்டியது அப்படியே நிற்கிறது, அவள் விடவில்லை, விட்டால் வார்த்தை விழுந்துவிடும். டாக்டர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி பார்த்தார்.

“பிள்ளையக் காணும் டாக்டர்.”

அவர் லியாவைப் பார்த்தார். “இந்தா இருக்காளேம்மா.”

“இவ இல்ல.” சொல்லிவிட்டுப் பயந்துபோனாள், பைத்தியம் என்று நினைப்பார், அடுத்த மருந்தை எனக்கே எழுதிவிடுவார். “சிரப் குடுத்ததுலேருந்து... முன்னாடி இப்படி இருக்க மாட்டா. ரொம்ப ஆக்டிவ்.”

“ஆக்டிவ்னா? எல்லாப் பிள்ளையும் ஆக்டிவ்தான். எப்படி இருப்பா, சொல்லுங்க.”

எப்படி இருப்பாள். வாய்க்குள் ஒரு வார்த்தையும் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை, தமிழிலும் இல்லை, ஆனால் எப்படி இருப்பாள் என்று உடம்புக்குத் தெரிந்திருந்தது, அவள் எழுந்து நின்றாள், துப்பட்டாவை இடுப்பில் இழுத்துச் செருகினாள், துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவனை ஒரே ஒரு நாள் மாமாவின் தோளிலிருந்து பார்த்துவிட்டு வந்து லியா ஸ்டூலின்மேல் ஏறி நின்று வீட்டையே ஏலம் விடுவாளே, அந்த ஏலம், அந்தக் குரல், மூக்கால் இழுக்கிற அந்த ராகம் ஜோவிட்டாவின் தொண்டைக்குள் எங்கிருந்தோ வந்தது. “வா வா வா, யாரு கேக்கா, யாரு கேக்கா, ஒரு டேபிளு நூறு, நூத்திப்பத்து, தேறாது போ. ஒரு டார்ச்சு லைட்டு அம்பது. இந்தா ஒரு டாக்டரு, நல்ல டாக்டரு, வழுக்க டாக்டரு, அசையாம உக்காந்திருக்காரு, ஐஸ்ல வச்ச டாக்டரு, இருபது, இருவத்தஞ்சி, ஏ இந்தாம்மா, செவுளத் தூக்கிப் பாத்தியா, பாக்காம கேட்டா எப்படி, இருவத்தஞ்சி ஒரு தரம், ரெண்டு தரம்” என்று கையை மேசைமேல் படார் என்று அறைந்தாள். பேப்பர் வெயிட் உருண்டது. கதவைத் திறந்து டோக்கன் பெண் எட்டிப் பார்த்தாள். ஜோவிட்டா நாற்காலியில் உட்கார்ந்தாள், உள்ளங்கை எரிந்தது, முகம் எரிந்தது, டாக்டர் சிரிக்கவில்லை.

அப்போது சுடிதாரின் ஓரத்தை யாரோ இழுத்தார்கள். லியா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள், இரண்டு புருவங்களும் கொஞ்சம் மேலே போயிருந்தன.

“யாரும்மா அது?”

டாக்டர் பேனாவை மூடினார். கதவுப் பக்கம் பார்த்துக் கையைக் காட்டினார், கதவு மூடிக்கொண்டது. “மருந்தா இருக்கலாம்மா” என்றார், மெல்ல, வழக்கமாகப் பேசுகிற வேகத்தை விட்டுவிட்டு. “நீங்க போன தடவையே சொல்லியிருக்கலாம். மருந்துதான்னு நான் அடிச்சுச் சொல்ல முடியாது. அந்த நோயே கூட இப்படிச் செய்யும். மாத்திப் பாத்தாத்தான் தெரியும். இதக் கொஞ்சம் கொஞ்சமாக் கொறச்சி, இன்னொண்ணக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும், நீங்களா நிறுத்தக் கூடாது. மாத்துற சமயத்துல ஃபிட்ஸ் வரலாம். வராமலும் இருக்கலாம். மாத்துனப்புறம் பழைய மாதிரி வருவாளான்னு கேட்டீங்கன்னா, அதையும் நான் சத்தியம் பண்ண முடியாது. சொல்லுங்க. மாத்தவா?”

அவள் ஒரு பதிலைத் தேடித்தான் இவ்வளவு தூரம் வந்தாள், கையில் ஒரு கேள்வியைக் கொடுத்துவிட்டார். சாவியின் பல் பதிந்த அந்த உள்ளங்கை கண்ணுக்கு முன்னால் வந்து விரிந்தது, கரண்டி உருண்டது, முருகன்குறிச்சியில் யாரோ ஹாரன் அடித்தார்கள், கில்பர்ட் நடுக்கடலிலிருந்து அப்புறம் என்ன என்றான், வேண்டாம் டாக்டர், இப்படியே இருக்கட்டும், மூச்சாவது சீராக வருகிறதே என்று சொல்லிவிடலாம், நோ டாக்டர் என்றால் போதும், பழகிய வார்த்தை. துணி மறுபடியும் இழுபட்டது. “யாரும்மா?” என்றாள் லியா. இரண்டாவது தடவை கேட்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல், யாரும் கேட்காமல், தானாக ஒன்றைக் கேட்டு, பதில் வரவில்லை என்று திரும்பவும் கேட்கிறாள்.

“மாத்துங்க டாக்டர்” என்றாள் ஜோவிட்டா. பிறகு நாற்காலியிலிருந்து இறங்கிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிள்ளையின் முகத்துக்கு நேரே முகத்தை வைத்து, “அவளத்தான் தேடிட்டிருக்கோம். நீ எங்கயாவது பாத்தியா?” என்று கேட்டாள்.

லியா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், அறையின் மூலையைப் பார்த்தாள், மேசைக்கு அடியில் பார்த்தாள், அம்மாவின் கண்ணுக்குள் பார்த்தாள்.

“இல்லம்மா” என்றாள்.